வரேல்லை, போகேல்லை

ஒட்டுசுட்டானுக்கு அங்கால் ஒரு ஊரில் குடிதண்ணீர் சுத்திகரிக்கிற நிலையம் ஒன்று இருக்கிறது. நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அறை, வெளியே இரண்டு பைப், காலையில் வெறுங்கான்களைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிற சைக்கிள்கள், அவ்வளவுதான். ஆர்.ஓ. பிளாண்ட் என்றுதான் எல்லோரும் சொல்வது. போன வருசம் அங்கே பனல், அதாவது மிசினை ஓட்டி நிறுத்துகிற சுவிச்சுப் பெட்டி, பழுது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் கிளிநொச்சியில் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பம்புகளுக்குப் பனல் செய்து பூட்டுவதும் என் வேலைதான்.

போய்ப் பெட்டிக் கதவைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ரெஸ்ரரைக்கூட எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

கதவில் பட்டனும் லைட்டுமாகப் பதினொன்று. எல்லாம் ஒரே பருமன், ஒரே வட்டம், ஒவ்வொன்றின் கீழும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்து. அந்தப் பதினொன்றில் மூன்றுக்கு மட்டும் பக்கத்தில் கியூட்டெக்ஸ் பொட்டு வைத்திருந்தது, சிவப்பு ஒன்று, ரோஸ் இரண்டு. ஒரு சுவிச்சின் மேல் சோடாப் போத்தல் மூடியைக் கவிழ்த்து ஒட்டியிருந்தது. அதைத் தொடக்கூடாது என்று அர்த்தமாம். இரண்டு லைட்டுகளின் கீழே கொப்பித் தாளில் நீலப் பேனையால் எழுதி, மேலே செலோரேப் போட்டு, ஒவ்வொரு சொல். ஒன்றில் "வரேல்லை". மற்றதில் "போகேல்லை".

அந்த இரண்டு லைட்டுக்கும் மிசின் செய்தவர்கள் வைத்த பெயர் லோ பிரஷர், ஹை பிரஷர். ஆர்.ஓ. எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றுத் தண்ணீரை மணல் வடி, கரி வடி, ஒரு சின்னக் கார்ட்ரிட்ஜ் எல்லாம் தாண்டவிட்டு, ஒரு பலமான பம்ப் அதை மெம்பிரேன் என்கிற மெல்லிய சவ்வுக்குள்ளால் அழுத்தித் தள்ளுகிறது. ஒரு பங்கு நல்ல தண்ணீராக வரும், மிச்சம் உப்பையும் கல்சியத்தையும் சுமந்துகொண்டு கழிவாகப் போகும். அந்தப் பம்புக்கு முன்னால் ஒரு பிரஷர் சுவிச், பின்னால் ஒன்று. தண்ணீர் போதாமல் போனால் முன்னால் இருப்பது மிசினை நிறுத்தும். தாங்கி காலியாகியிருக்கும், இல்லாவிட்டால் கார்ட்ரிட்ஜ் சேற்றால் அடைத்திருக்கும். பின்னால் இருப்பது அழுத்தம் எகிறினால் நிறுத்தும். கழிவு வால்வை யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள், அல்லது மெம்பிரேனில் உப்புப் படிந்திருக்கும்.

மிசினை ஓட்டுகிற அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டு, "தம்பி, லோ பிரஷர் எனக்கும் இருக்கெண்டு டொக்டர் சொன்னவர். அதுக்கும் இந்த லைட்டுக்கும் என்ன?" என்றார். பிறகு பகிடியை விட்டுவிட்டுச் சொன்னார்: "இது எரிஞ்சா உள்ளுக்குத் தண்ணி வரேல்லை, நான் தாங்கியடிக்குப் போவன். அது எரிஞ்சா வெளியில தண்ணி போகேல்லை, நான் வால்வடிக்குப் போவன்."

நான் பதினைந்து வருசமாகப் பனல் செய்கிறேன். இவ்வளவு சுத்தமான இரண்டு பெயரை ஒருநாளும் எழுதியதில்லை. மிசினுக்கு உள்ளே என்ன நடந்தது என்று கம்பனி எழுதியிருந்தது. லைட் எரிந்தால் தான் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அக்கா எழுதியிருந்தார்.

பழுது என்னவோ சின்னதுதான். கொன்டாக்டரின், அதாவது மோட்டருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்துகிற சுவிச்சின், கொயில் எரிந்திருந்தது, அரை மணித்தியாலத்தில் மாற்றிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எந்த மிசினைத் திருத்தப் போனாலும் முதலில் அதன் மேல் சனம் என்ன ஒட்டியிருக்கிறது, என்ன கட்டியிருக்கிறது, எங்கே கீறியிருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஒருவர் நூல் கட்டியிருந்தால், தீக்குச்சி செருகியிருந்தால், அந்த இடத்தில் செய்தவன் எதையோ யோசிக்காமல் விட்டிருக்கிறான். அந்தச் "செய்தவன்" சில இடங்களில் நான்.

தமிழில் எழுதிவிட்டால் சரி என்று ஒரு எண்ணம் எங்களிடம் இருக்கிறது. நானும் அப்படி இருந்தேன். லோ பிரஷரைத் "தாழ் அழுத்தம்" என்று அச்சடித்து ஒட்டினால் அக்காவுக்கு என்ன கூடுதலாக விளங்கியிருக்கும்? ஒரு பனலில் ஆங்கிலத்தை அப்படியே தமிழ் எழுத்தில் "ஓட்டோ" என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஓட்டோ என்றால் மூன்று சில்லு, சந்தியில் நிற்பது. அதற்கு எதிர்ப்பக்கம் "கைமுறை". இப்போது நான் "தானா", "கையால" என்று இரண்டு சொல் போடுகிறேன். இலக்கணம் படித்தவர்கள் மன்னிக்கவும்.

சரி, என் பிழைக்கு வருகிறேன்.

விசுவமடுவில் எனக்குத் தூரத்து உறவில் ஒரு மாமா. மிளகாயும் கச்சானும் செய்கிறவர். கிணறு வீட்டிலிருந்து எண்பது மீற்றர் தள்ளி. முழங்கால் வருத்தம் வந்த பிறகு இரவில் கிணற்றடிக்கு நடக்க ஏலாது, விறாந்தையிலேயே சுவிச் வைத்துத் தா என்று கேட்டார். நான் வடிவாக ஒரு பனல் செய்து கொடுத்தேன். பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன், ஓடும்போது எரிய ஒரு பச்சை லைட். மாமாவுக்குச் சரியான சந்தோசம், வாற போறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

இரண்டு மாதம் கழிய ஒரு விடியக்காலை கோல் எடுத்தார். மோட்டர் மணக்குதாம். போய்ப் பார்த்தால், பைப்பின் அடியில் தண்ணீரைத் திரும்பிப் போகாமல் பிடிக்கிற ஃபுட்வால்வில் ஒரு சின்னக் கல் மாட்டி, இரவோடு இரவாகப் பைப்பில் நின்ற தண்ணீர் எல்லாம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு மாமா பட்டனை அமத்தியிருக்கிறார். பம்ப் வெறுமனே சுற்றி, சீல் உருகி, தண்டு இறுகி, கடைசியில் வைண்டிங்கும் கருகிவிட்டது. "நான் பச்சையைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனான் தம்பி, பச்சை எரிஞ்சது" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னில்தான் ஏதோ பிழை என்கிற மாதிரிச் சொன்னார். அதுதான் எனக்குக் கூடச் சுட்டது.

பச்சை எரியத்தானே செய்யும்! நான் அந்த லைட்டைக் கொன்டாக்டர் கொயிலோடு சேர்த்துக் கொடுத்திருந்தேன். கொயிலுக்குக் கரண்ட் போனால் லைட் எரியும். மோட்டர் சுற்றுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று அதற்கு எதுவும் தெரியாது. பட்டன் அமத்தினது உண்மை என்று மட்டும்தான் அந்த லைட் சொன்னது. அதை மாமாவே அறிவார், அமத்தினது அவருடைய விரல்.

இதே பிழையைப் பெரிய பெரிய எஞ்சினியர்மாரும் செய்திருக்கிறார்கள் என்று பிறகு வாசித்தபோது ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலன்ட் அணுமின் நிலையம். 1979 மார்ச் 28, விடிய நாலு மணி. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு திரும்ப மூடவில்லை, திறந்தபடியே இறுகி நின்றுவிட்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அதற்கான லைட் அணைந்திருந்தது. அந்த லைட் காட்டியது வால்வின் நிலையை இல்லை, வால்வை இயக்குகிற கொயிலுக்குக் கரண்ட் போகிறதா இல்லையா என்பதை மட்டும்தான். கரண்ட் நின்றது, லைட் அணைந்தது, வால்வு மூடிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் நம்பினார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் உலையைக் குளிர்விக்கிற தண்ணீர் அந்த வழியால் போய்க்கொண்டே இருந்தது, உலையின் நடுப்பகுதி ஒரு பங்கு உருகியது. இதற்கிடையில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கை மணிகளும் லைட்டுகளும் ஒரேயடியாகக் கத்தியிருக்கின்றன, எதைப் பார்ப்பது என்று யாருக்குத் தெரியும்?

மாமாவின் பழைய முறையை நான் யோசித்துப் பார்த்தேன். முன்பு கிணற்றடியில் சுவிச்சைப் போட்டுவிட்டு, தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நின்று, பிறகுதான் வாய்க்காலுக்குப் போவார். அந்தச் சத்தம்தான் அவருடைய லைட். அவருக்கு வசதி செய்கிறேன் என்று நான் அந்தச் சத்தத்தை எண்பது மீற்றர் தூரத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மோட்டரைக் காசு வாங்காமல் சுற்றிக் கொடுத்தேன். பைப்பில் ஒரு ஃபுளோ சுவிச் பூட்டினேன். உள்ளே ஒரு தகடு, தண்ணீர் தள்ளினால் சாயும், சாய்ந்தால்தான் பச்சை எரியும். ஒரு நிமிசத்துக்குள் சாயாவிட்டால் மோட்டர் தானாக நிற்கும். முதல் கிழமை மாமா முறைப்பாடு: "முந்தி அமத்தின உடன எரியும், இப்ப சுணங்கி எரியுது." அந்தச் சுணக்கம்தான் மாமா தண்ணீர் என்றேன். இப்போது அமத்திவிட்டு வாய்க்குள் எண்ணுகிறார். பத்துக்குள் எரியாவிட்டால் மகனைக் கூப்பிடுகிறார்.

லாண்ட்மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் வன்னியில் மிசின் கதை எழுத முடியாது. அந்தப் பெயர் ஒரு கம்பனியின் பெயர்தான், ஆனால் எங்களுக்கு இரண்டு சில்லு உழவு மிசின் எல்லாமே லாண்ட்மாஸ்டர். உழும், பெட்டி கொழுவினால் நெல்லும் ஏற்றும், கலியாண வீட்டுக்குச் சனமும் ஏற்றும். அதன் இரண்டு கைபிடிகளுக்கும் கீழே ஒவ்வொரு கிளச் இருக்கிறது. இடதை அமத்தினால் இடது சில்லுக்குப் போகிற இழுவை விடுபடும், வலது சில்லு தள்ளும், மிசின் இடது பக்கம் திரும்பும். சின்னப் பிள்ளைக்கும் ஐந்து நிமிசத்தில் பிடிபட்டுவிடும்.

ஆனால் குளக்கட்டிலிருந்து பெட்டியோடு பள்ளத்தில் இறங்கும்போது அதே இடது கிளச்சை அமத்தினால் மிசின் வலது பக்கம் திரும்பும். ஏனென்றால் இறக்கத்தில் எஞ்சின் சில்லைத் தள்ளுவதில்லை, பிடித்து வைத்திருக்கிறது. இடது சில்லை விடுவித்தால் அது சுதந்திரமாக உருண்டு முன்னுக்கு ஓடும், மற்றச் சில்லு பிடிபட்டு நிற்கும். கை அதேதான், லீவரும் அதேதான், வழி மட்டும் தலைகீழ். பழகினவர்கள் இறக்கத்தில் கிளச்சைத் தொடவே மாட்டார்கள், கைபிடியைப் பிடித்துத் தள்ளித்தான் திருப்புவார்கள். எனக்கு அது தெரிந்தது பதினாறு வயதில், அரை மூட்டை நெல்லோடு வாய்க்காலுக்குள் கிடந்தபோது. ஐயா ஏசவில்லை. "இறக்கத்தில அது மாறிக் கேக்கும் எண்டு சொல்ல மறந்துபோனன்" என்று மட்டும் சொன்னார். ஒரு மிசின் மாறிக் கேட்கும் என்பதை வாய்வழியாகத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் அதில் மறதிக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு அண்ணை, போரில் இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். அவருடைய லாண்ட்மாஸ்டரைப் பார்க்க வேண்டும் நீங்கள். இந்த டீசல் எஞ்சினைக் கையால் சுற்றி ஸ்ராட் செய்கிறபோது, இடக்கையால் எஞ்சின் தலையில் இருக்கிற ஒரு சின்ன லீவரை உயர்த்திப் பிடிக்க வேண்டும். அது அமுக்கத்தைத் திறந்துவிடும், இல்லாவிட்டால் சுற்ற ஏலாது. வலக்கையால் கம்பியைப் போட்டுச் சுற்றி, வேகம் பிடித்ததும் லீவரை விட வேண்டும். டுப்பென்று எஞ்சின் பிடிக்கும், அந்தக் கணமே கம்பியை உருவ வேண்டும், இல்லையென்றால் கம்பி உங்களைச் சுற்றும். எல்லா மனிசருக்கும் இரண்டு கை என்று எண்ணிச் செய்த வேலை இது. வன்னியில் அந்த எண்ணம் சரிவராது.

அண்ணை என்ன செய்திருக்கிறார் என்றால், பாலைமரச் சீவலால் ஒரு சின்ன ஆப்பு செய்து, லீவரை உயர்த்தி அதன் கீழே செருகுகிறார். ஆப்பில் நைலோன் கயிறு, கயிற்றின் மற்ற நுனி தரையில் ஒரு வளையம். வலக்கையால் சுற்றிக்கொண்டே, வேகம் வந்ததும் இடது கால் பெருவிரலை வளையத்துக்குள் விட்டு ஒரு இழுவை. ஆப்பு கழரும், லீவர் விழும், எஞ்சின் பிடிக்கும். நான் மூன்று தரம் செய்யச் சொல்லிப் பார்த்தேன், மூன்று தரமும் முதல் சுற்றிலேயே பிடித்தது. இரண்டு கை உள்ள நான் சில நாளில் பத்துத் தரம் சுற்றுகிறேன்.

அதே மிசினில் கியர்த் தடியில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தார். பக்கத்தில் உள்ள தடி வெறும் இரும்பு. இருட்டில் தடவினால் எது எது என்று தெரியும். இதைப் பார்த்ததும் எனக்கு அல்போன்ஸ் சப்பானிஸ் ஞாபகம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு வயிற்றில் விழுந்துகொண்டிருந்தன. விமானி இறகின் மடிப்பைச் சுருக்க நினைத்துச் சில்லைச் சுருக்கிவிடுகிறான், விமானம் அப்படியே ஓடுபாதையில் குந்திவிடும். விமானியின் கவனக்குறைவு என்று எழுதி மூடிக்கொண்டிருந்தார்கள். சப்பானிஸ் உளவியல் படித்தவர், அவர் போய்ப் பார்த்தது விமானியை இல்லை, சுவிச்சை. இரண்டு வேலைக்கும் ஒரே மாதிரியான இரண்டு சுவிச், பக்கத்தில் பக்கத்தில். சில்லுக்கான பிடியில் ரப்பரால் ஒரு குட்டிச் சில்லும், மடிப்புக்கான பிடியில் ஆப்பு வடிவமும் ஒட்டினார். கை தொட்டதும் தெரிந்துகொள்ளும். பிறகு 1947 இல் போல் ஃபிட்ஸ் என்பவரும் ஜோன்ஸ் என்பவரும் விமானிகள் செய்த 460 தவறுகளை எடுத்து ஆராய்ந்தபோது, ஒரு பிடிக்குப் பதிலாக இன்னொன்றைத் தொட்டதுதான் அதில் பெரும் பங்கு. சில்லுக்கு ரப்பர் என்பதை அண்ணைக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பஞ்சரான ரியூப் வீட்டில் கிடந்தது.

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது என்பது பெரிய இரகசியமில்லை. 1990களில் போர்க்காலத் தடையால் பெற்றோலும் பற்றரியும் வன்னிக்குள்ளே விடாத காலத்தில் ஐயா மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினார். சின்னக் குப்பியில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பீய்ச்சி உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். கரண்ட் எங்கள் வீட்டுக்குப் போர் முடிந்து கொஞ்சக் காலம் கழித்துத்தான் வந்தது. எனக்கு அப்போது வயது இருபத்தாறு. சுவிச்சைக் கீழே தட்டினால் எரியுமா மேலே தட்டினால் எரியுமா என்று அம்மா ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தா. நகரத்தில் பிறந்தவனின் விரலுக்குள் இருக்கிற பழக்கம் எங்கள் விரல்களில் இல்லை. பனலைச் செய்கிறவர்கள் அந்தப் பழக்கம் எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் செய்கிறார்கள்.

அம்மா முதல் நாளே பயப்படாமல் தொட்ட ஒரே மிசின் ரைஸ் குக்கர். ஒரு தட்டு, கீழே தட்டினால் வேகும், தண்ணீர் வற்றியதும் டக்கென்று மேலே வரும். தண்ணீர் இருக்கும் வரைக்கும் சூடு நூறு பாகையைத் தாண்டாது, வற்றினால் தாண்டும், அதைப் பிடித்துத்தான் அது நிற்கிறது. எத்தனை நிமிசம் என்று அம்மாவிடம் கேட்பதில்லை, சோற்றைத்தான் கேட்கிறது. 1955 இல் டோஷிபா இதை முதலில் விற்பனைக்கு விட்டபோது, அதற்கு முன் வடிவமைத்தவரின் மனைவி வீட்டில் திரும்பத் திரும்பச் சோறு ஆக்கிப் பார்த்துத்தான் அளவு பிடித்தார்களாம். தெரிகிறது, சோறு ஆக்கின கை பட்ட பொருள்.

இதற்கு நேர்மாறு, போன மாதம் மாங்குளத்தில் பார்த்த சோலர்ப் பம்ப் கொன்ரோலர். எந்தக் கம்பனி என்று சொல்லப்போவதில்லை. முகப்பு முழுக்கக் கண்ணாடி, ஒரேயொரு தொடுபட்டன். ஒருதரம் தொட்டால் ஓடும். மூன்று செக்கன் பிடித்தால் நிற்கும். ஐந்து செக்கன் பிடித்தால் எல்லாச் செற்றிங்கும் அழிந்துபோகும்! மண் காய்ந்த விரலை அது உணராது, ஈர விரலை இரண்டாக எண்ணும், நடு வெயிலில் எழுத்தே தெரியாது. அதன் சொந்தக்காரர் பெட்டியின் மேல் ஒரு ஓலைத் துண்டைச் செருகி நிழல் செய்திருந்தார், பக்கத்தில் தும்புக்கயிற்றில் ஒரு பழைய துணி, விரல் துடைக்க. நிற்பாட்ட வேண்டுமென்றால்? "மெயினை இழுத்து விடுவன்" என்றார்.

ஆர்.ஓ. அக்காவின் நிலையத்துக்கு இந்த வருசம் புதுப் பனல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை தகரத்தில் ஒரு ஓட்டையும் போடவில்லை. பிஸ்கட் பெட்டி மட்டையைப் பனல் அளவுக்கு வெட்டி, பட்டனுக்குப் பதில் போத்தல் மூடிகளை எடுத்துக்கொண்டு போனேன். சுவரில் மட்டையைச் சாத்தி, அக்கா, இது ஓட, இது நிற்பாட்ட என்று மூடிகளை வைத்துக் காட்டினேன். நிற்பாட்டுகிற சிவப்பை வலது பக்கத்தில், கைக்கு வாகாக வைத்ததாக எனக்கு நினைப்பு.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கான் நிரப்புகிற ஹோஸை வலக்கையில் எடுத்துக்கொண்டு மட்டைக்கு முன்னால் வந்து நின்றார். இடக்கையை நீட்டிச் சிவப்பு மூடியை எடுத்து மற்றப் பக்கத்தில் வைத்தார்.

"இந்தக் கையில பைப் இருக்கும் தம்பி."